ஒளிர்வதெல்லாம் புற்றன்று

மருத்துவமனையிலிருந்து வரும் ஒரு தாள், ஒரு குடும்பத்தின் உறக்கத்தையே பறித்துவிடக் கூடும். நோயுற்றோரைச் சந்திக்கச் செல்லும் வேளைகளில் இதனை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் பங்கைச் சேர்ந்த நாற்பத்து நான்கு வயதுத் தாய் ஒருவர் மார்பகப் புற்றுநோய்க்கு மருந்தேற்றம் பெற்று வந்தார். இடையில் எடுத்த ‘பெட்’ ஸ்கேன் அறிக்கையில், மார்பிலிருந்த கட்டி சுருங்கிவிட்டதென்றும், கருப்பையில் ஓரிடம் ஒளிர்கிறதென்றும் எழுதப்பட்டிருந்தது. முதற்செய்தி எவர் கண்ணிலும் படவில்லை. நோய் கருப்பைக்கும் பரவிவிட்டதென்றே வீட்டார் முடிவு செய்தனர். “இனியும் இவளை வாட்டுவானேன், சுவாமி? மருந்தை நிறுத்திவிடுகிறோம்” என்று கணவர் கலங்கினார். மருத்துவர் வாயால் கேட்ட பின்னரே முடிவு செய்யலாமெனக் கூறி, நாமும் அவருடன் சென்றோம்.

மருத்துவர் பொறுமையுடன் விளக்கினார். இச்சோதனையில், கதிரியக்கமூட்டிய சர்க்கரைப் பொருள் இரத்தத்தில் செலுத்தப்படுகிறது. புற்றணுக்கள் சர்க்கரையை மிகுதியாக உட்கொள்வதை ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே கண்டறிந்தார். ஆகவே அவை படத்தில் ஒளிர்கின்றன. ஆனால், சர்க்கரையை நாடுவது புற்று மட்டுமன்று. மாதவிடாய் நாள்களிலும், இரு மாதவிடாய்களுக்கு நடுவிலும் கருப்பையின் உட்படலம் ஒளிர்வதுண்டு; தீங்கற்ற நார்க்கட்டியும் சில வேளைகளில் அவ்வாறே ஒளிரும். படம் இடத்தைக் காட்டும். நோயின் பெயரைச் சொல்லாது.

அத்தாய்க்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, வீட்டுப் பெட்டியில் கிடந்த பழைய அல்ட்ராசவுண்ட் அறிக்கையோடும் ஒப்பிட்டனர். பல்லாண்டுகளாக இருந்துவந்த நார்க்கட்டியே அது! மருந்தேற்றம் தடையின்றி நிறைவுற்றது.

இன்னொன்றும் அறிதல் நலம். மார்பகப் புற்றுக்காக டாமாக்சிஃபென் மாத்திரை உட்கொள்வோர்க்குக் கருப்பையின் உட்படலம் தடித்துத் தோன்றுவதுண்டு. பெரும்பாலும் அது மருந்தின் விளைவே, புற்றன்று. எனினும், மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கருப்பைப் புற்று வரும் வாய்ப்பை அம்மருந்து சிறிது கூட்டுகிறது. ஆதலால் உதிரப்போக்கு கண்டால், வெட்கத்தால் மறைக்காது உடனே மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். திசுவை எடுத்துச் சோதித்தால் உண்மை விளங்கும்.

அன்பான குடும்பத்தாரே, பழைய படங்களையும் அறிக்கைகளையும் பத்திரப்படுத்துங்கள். ஸ்கேன் எடுக்கும்போது கடைசி மாதவிடாய் நாளைத் தவறாது சொல்லுங்கள். ஐயம் எழுந்தால், அடுத்த சோதனை எதுவென மருத்துவரைக் கேளுங்கள். விடை வருமுன் சிகிச்சையை நிறுத்தாதீர்கள். நோயாளியின் முன் ஒப்பாரி வைக்காதீர்கள். ஐயம் வேறு, தீர்ப்பு வேறு.