கணக்கு வைத்திருக்கும் தெய்வங்கள்

நாகர்கோவில்

அன்புள்ள நண்பருக்கு,

உக்ரைன் காடுகளை ஆளும் லிசோவிக் போல ஒரு காவல் ஆவி நாஞ்சில் நாட்டில் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றுக்குப் பல உண்டு. ஆனால் அவற்றுக்குப் ‘பழைய காலத்து வனத்துறை’ என்று நீங்கள் சூட்டிய பெயர்தான் எனக்கு ஒப்பவில்லை. காட்டுக்குள் போகிறவன் எந்த முறையோடு போகவேண்டும், எடுத்ததற்கு என்ன கொடுக்கவேண்டும் என்று கணக்கு வைத்திருப்பதே இந்தத் தெய்வங்களின் வேலை என்று நினைக்கிறேன். லிசோவிக்கையே பாருங்கள். மதிக்காதவனை வழிதப்பி அலையவைப்பான். மேய்ப்பனும் வேட்டைக்காரனும் படையல் வைத்தால் இரங்குவான். ஆனால் மேய்ச்சலையோ வேட்டையையோ அவன் அடியோடு நிறுத்தியதில்லை.

இங்கே முதல் சான்று, தெய்வங்கள் இருக்கும் இடம். திருநெல்வேலியிலிருந்து வருகிறவர் ஆரல்வாய்மொழிக் கணவாயில், காற்றாலைகள் சூழ்ந்த முப்பந்தலில், இசக்கியம்மனைக் கடந்துதான் நாஞ்சில் நாட்டுக்குள் நுழையவேண்டும். நாகர்கோவிலை ஒட்டிய கள்ளியங்காட்டின் நீலியோ, வழிப்போக்கர்களை மறித்தவளாக மலையாளக் கதைகள் வரைக்கும் பேர் போனவள். இருவருமே அடர்வனத்தின் நடுவே இல்லை; சுங்கச்சாவடி போட ஏற்ற இடத்தில் இருக்கிறார்கள். வில்லுப்பாட்டில் வரும் நீலி கதையும் ஒரு கடன் கதைதான். நகைக்காகக் கள்ளிக்காட்டில் கொல்லப்பட்ட பெண், மறுபிறவியில் கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் ஏந்திவந்து பழிவாங்குகிறாள். அவளை யாரும் ஓட்டிவிடவில்லை. இடம் கொடுத்து, கொடை கொடுத்து இசக்கியாக நிலைநிறுத்துகிறார்கள். பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள் இன்று அவளுக்குத்தான் தொட்டில் கட்டுகிறார்கள். கார்பாத்திய மலையின் ஹுட்சுல் மக்கள் இந்த இரண்டு முகங்களையும் இரண்டு பேராகப் பிரித்துவிட்டார்கள். ஆண்களை மயக்கிக் கொல்பவள் நியாவ்கா. அவளை வேட்டையாடி மனிதரைக் காப்பவன் சுகாய்ஸ்தர். உக்ரைன் எழுத்தாளர் கொத்சியூபின்ஸ்கியின் 1911-ஆம் ஆண்டுக் குறுநாவலில் இருவரும் வருகிறார்கள். நாஞ்சில் நாட்டிலோ கொல்பவளும் காப்பவளும் ஒருத்தியே. அதனால் அவளோடு கணக்கை நேர்செய்யாமல் யாரும் தப்ப முடியாது.

இரண்டாவது சான்று, பேச்சிப்பாறைக்கும் கோதையாற்றுக்கும் மேலே வாழும் காணிக்காரர் என்ற பழங்குடி மக்கள். கொக்கரை என்ற இரும்புக் கருவியை உரசிச் சாற்றுப்பாட்டுப் பாடி மலைத்தெய்வங்களை அழைப்பவர்கள் இவர்கள். காட்டெரிப்பு வேளாண்மை செய்த காலத்தில், காட்டை வெட்டித் திருத்துமுன் அந்தத் தெய்வங்களுக்குப் படையல் வைத்தார்கள். வெட்டுவதற்கு முன்பு என்பதுதான் முக்கியம். தெய்வம் இங்கே அனுமதி தருகிறது. அனுமதியோடு ஒரு கடமையையும் சுமத்துகிறது.

காவுகள் என்னும் கோயில் காடுகளில் கோடரி படாத மரங்கள் நிற்கின்றனவே, அது தடை இல்லையா என்று கேட்பீர்கள். தடைதான். ஆனால் பெரும்பாலான காவுகள் சிறியவை, கோயிலைச் சுற்றியவை. அங்கே மரம் தெய்வத்தின் இருப்பிடம் என்பதால் நிற்கிறது. அந்த எல்லைக்கு வெளியே ஊரார் விறகும் தழையும் எடுத்துத்தான் வந்திருக்கிறார்கள். ஒரு துண்டை ஒதுக்கிவிடுவதும் அந்தக் கணக்கில் ஒரு வரிதான்.

இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. இத்தனை தெய்வங்கள் இருந்தும் காடு ஏன் அழிந்தது? 1906-ல் முடிந்த பேச்சிப்பாறை அணை ஒரு பள்ளத்தாக்கையே நீரில் ஆழ்த்தியது. கீரிப்பாறைப் பக்கம் காட்டு மரங்கள் நின்ற சரிவுகளில் ரப்பர் வரிசை கட்டி நிற்கிறது. 1984-ல் அதற்கென்றே அரசு ரப்பர் கழகமும் வந்தது. பயம்தான் காட்டைக் காத்தது என்று சொல்கிறவர்களிடம் இதற்குப் பதில் இல்லை. பயம் அப்படியே இருந்தது, கோயில்களும் இருந்தன, காடு போய்விட்டது. கணக்கு என்று பார்த்தால் காரணம் விளங்கும். அது தினமும் காட்டுக்குள் போய்வருகிறவனை மட்டுமே கட்டும். தலைநகரில் உட்கார்ந்து கையெழுத்திட்டவர்கள் நீலியின் வழியில் நடக்கவேண்டிய தேவையே இல்லாதவர்கள். அவர்கள் அவளுக்குக் கடன்படவில்லை. அவள் கேட்கவும் வழியில்லை.

ஆகவே தெய்வ நம்பிக்கையை மீட்டால் காடு மீளும் என்ற உங்கள் யோசனை பாதிவழிதான் போகும். இன்று இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் சுமார் 402 சதுர கிலோமீட்டர் வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. அதற்கு வேலியும் அபராதமும் உண்டு. அவை ஆளை வெளியே நிறுத்தும், உள்ளே வாழ்கிறவனுக்குப் பொறுப்பைத் தராது. அதைத் தரப் பார்ப்பது 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். காட்டில் உரிமை பெறுகிறவர்களுக்கும் அவர்களுடைய கிராமசபைக்கும் காட்டைக் காக்கும் அதிகாரத்தையும் அது சேர்த்தே கொடுக்கிறது. காணிக்காரர் படையலில் இருந்த அதே இரட்டைப் பிடி. இசக்கிக்கு வாரிசு தேடுவதானால் வனத்துறைக் காவலரிடம் போகவேண்டாம். அந்தக் கிராமசபைகள் உண்மையில் கூடுகின்றனவா, அவற்றின் சொல் எடுபடுகிறதா என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்