முட்டம் பாறையில் கணக்கு டீச்சர்

முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவருக்கு, சூரியன் மறைவதை நின்று பார்க்க ஒரு நாளும் நேரம் வாய்த்ததில்லை. பள்ளி விட்டால் டியூஷன், அது முடிந்தால் அடுப்படி. ஓய்வுபெற்றதும் அவர் தனக்கென்று வாங்கிய முதல் பொருள் ஒரு கேமரா. நாகர்கோவிலில் பஸ் ஏறி முட்டத்தில் இறங்கினால், செம்மண் மேடு, வெள்ளைக்காரர் காலத்துக் கலங்கரை விளக்கம், கீழே கரும்பாறைகள். அங்கே அலை மோதிச் சிதறுவதை ஒரே ஒரு நல்ல படமாக எடுத்துவிட வேண்டும் என்பது ஆசை.

முதல் தடவை அது விபரீதமாகப் போயிற்று. நுரைக்குப் பக்கத்தில் இருந்த பாறையில் ஸ்டாண்டை ஊன்றி, வைடு லென்ஸில் கண்ணை வைத்திருந்தார். அந்த லென்ஸில் பார்த்தால் பக்கத்தில் வரும் அலைகூடத் தூரத்தில் வருவது போலத்தான் தெரியும். திரும்பிப் பையிலிருந்து துணியை எடுத்த நொடியில் அலை ஏறியது. ஸ்டாண்ட் கடலோடு போயிற்று. டீச்சர் பாசியில் வழுக்கி விழுந்தார். மேலே வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்திராவிட்டால், முழங்கால் சிராய்ப்போடு முடிந்திருக்காது.

“கடலுக்கு முதுகு காட்டப்பிடாது மக்ளே. பாறை நனைஞ்சு கெடந்தா, அலை அங்க வந்துட்டுப் போயிருக்குன்னு அர்த்தம். காய்ஞ்ச பாறையில நில்லு” என்றார் அவர்.

வீட்டில் மகள் கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். “இனிமே அந்தப் பக்கமே போகாதம்மா!” அவள் பயத்திலும் நியாயம் இருந்தது. 2024 மே மாதம் இதே மாவட்டத்தில், கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. மீனவர்கள் அதைக் ‘கள்ளக்கடல்’ என்பார்கள். எங்கோ தென்கடலில் வீசிய புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் திருடனைப் போல வந்து ஏறும்.

இரண்டு மாதம் கழித்து டீச்சர் சாவியைக் கேட்டு வாங்கினார். கடல் எச்சரிக்கை எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே கிளம்பினார். இந்த முறை கேமராவை உடனே வெளியே எடுக்கவில்லை. மேலே காய்ந்த பாறையில் உட்கார்ந்து, நோட்டில் அலைகளை எண்ணினார். ஏழாவது அலைதான் பெரிசு என்று சின்ன வயதில் கேட்டிருந்தார். நோட்டு வேறு சொன்னது. ஒரு பெரிய அலைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒருமுறை 9 அலைகள், அடுத்து 31, பிறகு 14. எந்தச் சூத்திரத்திலும் அடங்கவில்லை. அரை மணி நேரம் அமைதியாக இருந்த இடத்தில் திடீரென்று ஆள் உயரத்துக்குத் தண்ணீர் எழுந்தது.

“என்ன மக்ளே, கணக்கு ஒத்து வருதா?” என்று கேட்டார் பெரியவர்.

“இல்லை அண்ணாச்சி. ஒத்து வராதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன்!”

அங்கிருந்தே ஜூம் லென்ஸில் எடுத்தார். ஷட்டர் வேகம் 1/1000 வைத்தபோது சிதறிய துளிகள் முத்து முத்தாக நின்றன. வெள்ளை நுரை வெளிறிப்போகாமல் இருக்க வெளிச்ச அளவைக் கொஞ்சம் குறைத்தார். உப்புச் சாரல் படிந்த லென்ஸை அவ்வப்போது ஈரத்துணியால் ஒற்றினார். சூரியன் கடலில் இறங்கியதும் கூட்டம் எழுந்து போயிற்று. டீச்சர் போகவில்லை. அதன் பிறகுதான் வானம் ஆரஞ்சிலிருந்து ஊதாவுக்கு மாறியது. புது ஸ்டாண்டில் கேமராவை வைத்து ஷட்டரை ஒரு விநாடி திறந்து விட்டார். பாறைகளுக்கிடையே ஓடிய தண்ணீர் பனிமூட்டம் போலப் படத்தில் விழுந்தது.

அந்தப் படம் இப்போது ஹாலில் மாட்டியிருக்கிறது. மாட்டிய அன்று மகள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுல நீ எங்கேம்மா நின்னே?”

நுரை முழுதாக மூடியிருந்த ஒரு பாறை மேல் டீச்சர் விரலை வைத்தார். “போன தடவை இங்கே.” பிறகு விரலைச் சட்டத்துக்கு வெளியே, சுவருக்குக் கொண்டுபோனார். “இந்தத் தடவை இங்கே.”

மகள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அடுத்த ஞாயிறு நானும் வரேம்மா” என்றாள்.