இன்ஜின் வேலைக்கு வந்த வண்டி

காலையில் ஸ்டார்ட் பண்ணினால் நீலப் புகை. கொஞ்ச நேரத்தில் நிற்கிறது. மேடு ஏறும்போது மறுபடி.

அம்பாசிடர் மார்க் 4. பெட்ரோல். 1489 சிசி. பெரியப்பா வாங்கியது.

மெக்கானிக் அண்ணன் கேட்டது: "பிரிச்சா இழுத்துக்கிட்டே போகும் தம்பி. இசூசு இன்ஜின் ஒண்ணு இருக்கு. தூக்கி வெச்சுடலாமா?"

உடனே பதில் சொல்ல முடியவில்லை.

நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். வெள்ளை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது.

ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் நீலம் என்றால் பெரும்பாலும் வால்வு சீல். சின்ன வேலை. அதற்குப் போய் இன்ஜினையே மாற்றியவர்கள் உண்டு.

ஏற்றத்திலும் அடிக்கிறதே. அதுதான் கவலை.

ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றி உள்ளங்கையை மேலே வைத்துப் பார்த்தேன். குப் குப் என்று சூடாக அடிக்கிறது. பேக் கம்ப்ரஷன்: சிலிண்டரின் காற்று ரிங்கைத் தாண்டிக் கீழே வருகிறது.

மெக்கானிக் அண்ணன் பிளக்கைக் கழற்றி கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தார். ஒன்று, இரண்டு, நான்கு ஏறக்குறைய ஒரே அளவு. மூன்றாவதில் முள் பாதி வழியில் நின்றுவிட்டது.

மூன்றாவதில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி சுற்றினார். முள் ஏறியது.

ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் இந்தச் சோதனையைச் செய்யலாம். செய்யாமலே "இன்ஜின் போச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள்.

ரிங் ஏன் தேய்ந்தது? வண்டி ஓடுவது அரியலூர்ச் சாலை. சுண்ணாம்புக்கல் லாரிகள். தார்ப்பாய் போட்டும் தூள் பறக்கிறது. வேப்பிலை பச்சையாகத் தெரிய ஒரு மழை பெய்ய வேண்டும்.

அரசு சிமெண்ட் ஆலை 1979-ல் வந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் தனியார் ஆலைகள். கோவிந்தபுரம், ரெட்டிபாளையம், தளவாய், கீழப்பழூர்.

சுண்ணாம்புத் தூள் மெத்தென்றது. இரும்பை அதனால் அறுக்க முடியாது. அதோடு சேர்ந்து வரும் மணல்தான் அறுக்கும்.

இந்தக் காரில் ஆயில் பாத் ஏர் ஃபில்ட்டர். சட்டியில் ஆயில் ஊற்றி வைத்தால் தூசி அதில் படியும். சட்டியைத் திறந்தேன். அடியில் ஒரு விரல் கனத்துக்குச் சேறு. ஆயில் இருந்த தடம் மட்டும்.

ஹெட்டைத் தூக்கினோம்.

மூன்றாவது சிலிண்டர். விரல் நகத்தை உள்ளே வைத்து மேல் விளிம்பு நோக்கி இழுத்தேன். தட்டியது. ரிங் எட்டாத அந்த மேல் வளையம் மட்டும் தேயாமல் இருக்கிறது. அதற்குக் கீழே வண்டி ஓடிய ஓட்டமெல்லாம் தேய்மானமாக இருக்கிறது.

மற்ற மூன்றிலும் நகம் தட்டுகிறது. இவ்வளவு இல்லை.

ரேடியேட்டர் மூடிக்குள் வெள்ளைப் படிவம். ஹெட்டின் தண்ணீர்த் துவாரங்களிலும் அதே. இரண்டு துவாரம் பாதி அடைத்திருக்கிறது.

போர்த் தண்ணீர்தான் ஊற்றிக்கொண்டிருந்தோம். ஊரில் எல்லோரும் அதைத்தான் ஊற்றுகிறார்கள்.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இன்றும் நத்தைச் சுருளாகக் கல் கிடைக்கிறது. அம்மோனைட். காரைப் பக்கம் ஓடைகளில் மழைக்குப் பின் சிப்பித் துண்டுகள் வெளியே வரும். கோடிக்கணக்கான வருஷம் முன்பு இங்கே கடல். அந்தச் சுண்ணாம்புதான் போர்த் தண்ணீரோடு ரேடியேட்டருக்குள் வந்து படிகிறது.

துவாரம் அடைத்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் ஹெட் வளையும். வளைந்தால் கேஸ்கெட் போகும். கேஸ்கெட் போனதை எத்தனை பேர் "இன்ஜின் போயிடுச்சு" என்று விற்றிருப்பார்கள்.

அம்பாசிடருக்கு இன்ஜின் மாற்றுவது புதிதல்ல. கம்பெனியே மாற்றியிருக்கிறது.

முதலில் பக்க வால்வு இன்ஜின். 1959-ல் ஓவர்ஹெட் வால்வு 1489 சிசி. 1980களில் டீசல். 1990களில் இசூசு 1817 சிசி பெட்ரோல், ஐந்து கியரோடு. அப்புறம் இசூசு 1995 சிசி டீசல். வெளித் தோற்றம் மட்டும் பெரிதாக மாறவே இல்லை.

டாக்சிக்காரர்கள் பெட்ரோலை எடுத்து டீசலை வைத்தார்கள். அவர்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு. எனக்கு அந்தக் கணக்கு இல்லை. கல்யாணம், குலதெய்வம் கோயில், கங்கைகொண்ட சோழபுரம். அவ்வளவுதான் ஓட்டம்.

இசூசு வைத்தால்: மவுண்டிங் மாறும். கியர் பாக்ஸ் கூடவே வரும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளம் சரிபார்க்க வேண்டும். ரேடியேட்டர், ஒயரிங். "தூக்கி வெச்சுடலாம்" என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவும் இருக்கிறது.

வருகிற இன்ஜின் எந்த வண்டியில் இருந்தது? எவ்வளவு ஓடியது? சென்னை புதுப்பேட்டையில் பழைய இன்ஜின்களை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். துடைத்து, ஆயில் தடவி, எல்லாம் பளபளப்பாக இருக்கும். உள்ளே நகத்தை வைத்துப் பார்க்க விடமாட்டார்கள்.

எனக்குத் தெரிந்தவர் ஒருவர் வாங்கிய இன்ஜினில் நம்பர் இருக்க வேண்டிய இடம் அரம் போட்டு வழவழப்பாக இருந்தது. ஆர்டிஓ ஆபீசில் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார்கள்.

ஆர்சி புத்தகத்தில் இன்ஜின் நம்பர் இருக்கிறது. மாற்றினால் பில் வேண்டும், அனுமதி வேண்டும், புது நம்பரை ஏற்ற வேண்டும். சிலிண்டரைக் கடைந்து போர் அடித்தால் நம்பர் அப்படியே.

பதினைந்து வருஷம் தாண்டிய கார். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை எஃப்சி. ஒவ்வொரு முறையும் நம்பரைப் பென்சிலால் தேய்த்துக் காகிதத்தில் எடுத்து ஒட்டுகிறோம்.

அந்த ஆர்சியைப் பிரித்துப் பார்த்தேன். மூன்று எழுத்து, நான்கு இலக்கம், பழைய நம்பர். வாங்கியபோது எங்கள் ஊர் திருச்சி மாவட்டம். 1995-ல் பெரம்பலூர். 2001-ல் அரியலூர். 2002-ல் மறுபடி பெரம்பலூர். 2007-ல் மறுபடி அரியலூர். வண்டி நின்றது ஒரே வேப்ப மரத்தடி.

2014 மே. உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. 2017-ல் அம்பாசிடர் என்ற பெயரை பெஜோ கம்பெனி 80 கோடிக்கு வாங்கியது. பிஸ்டனும் ரிங்கும் இன்னும் கிடைக்கின்றன.

ஹெட்டில் இன்னொன்று பார்த்தேன். எக்சாஸ்ட் வால்வுகள் சீட்டுக்குள் புதைந்திருக்கின்றன.

இந்த இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்கு வார்த்தது. ஈயம் வால்வு சீட்டைக் காத்தது. 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்றது. நல்லதுதான். குழந்தைகளின் ரத்தத்துக்கு நல்லது. அன்றிலிருந்து இந்த இரும்பு சீட் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்திருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. நானும் இன்றுதான் பார்க்கிறேன்.

கெட்டியான சீட் வளையம் அடிக்கலாம். லேத்தில் செய்வார்கள்.

இப்போது பம்பில் வருவது 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்பு டயஃப்ரம் இரண்டும் தாங்காது. பிரிக்கும்போதே மாற்றிவிட வேண்டும்.

சிலிண்டர் போர், கம்பெனி அளவு, 73.025 மில்லிமீட்டர். இஞ்சில் எழுதினால் 2.875. இங்கிலாந்தில் வரைந்த அளவு.

பிஸ்டன் பத்து, இருபது, முப்பது, நாற்பது ஓவர்சைஸில் வரும். ஒரு இஞ்சில் ஆயிரத்தில் பத்து பங்கு, இருபது பங்கு. இது தேயும் என்று தெரிந்து, தேய்ந்தபின் மறுபடி கடைய இரும்பை விட்டு வார்த்திருக்கிறார்கள். அந்த யோசனையை நான் மதிக்கிறேன்.

இன்றைக்கு விற்கும் பல கார்களில் அப்படி இடம் விடுவதில்லை. போனால் முழு பிளாக்கும் புதிது.

பிளாக்கைத் திருச்சி லேத்துக்குக் கொண்டுபோனோம். லேத்துக்காரர் அளந்ததை அருகில் நின்று பார்த்தேன். ஒரு சிலிண்டருக்கு மேலே ஒரு அளவு, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. பிறகு கேஜைக் குறுக்கே திருப்பி மறுபடி மூன்று. சாக்பீஸால் பிளாக்கின் மேலேயே எழுதினார். பேசவில்லை. மூன்றாவதின் எண்ணுக்குக் கீழே மட்டும் ஒரு கோடு போட்டார்.

மூன்றாவது கேட்கும் அளவுக்குத்தான் நான்கையும் கடைய வேண்டும். மூன்று நல்ல சிலிண்டரும் ஒன்றுக்காகக் கொஞ்சம் இரும்பைக் கொடுக்கும்.

"ஏற்கனவே ஒருதடவை போர் அடிச்சிருக்கு சார். இருபதுல இருக்கு." அவர் சொல்லித்தான் தெரிந்தது. பெரியப்பா சொன்னதில்லை. அவரும் ஒரு நாள் இதே கேள்வியோடு நின்றிருக்கிறார்.

இனி எழுதி வைப்பது, மறக்காமல் இருக்க:

முப்பதுக்குக் கடையும்போது மூன்றாவதின் தேய்மானம் மறைந்தால் முப்பது பிஸ்டன்.

மறையாவிட்டால் நாற்பது.

அதற்கும் மேல் என்றால் ஸ்லீவ் அடித்து மறுபடி கம்பெனி அளவு.

கிராங்க்கை அளக்காமல் பேரிங் வாங்கக் கூடாது.

ரேடியேட்டரைப் பிரித்து ராடு விட்டுச் சுத்தம் செய்தபின்தான் மாட்ட வேண்டும். கூலன்ட் மட்டும். போர்த் தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது.

ஏர் ஃபில்ட்டர் சட்டி மாதம் ஒரு முறை. லாரி ஓடும் மாதங்களில் வாரம் ஒரு முறை.

பிளாக்கில் வெடிப்பு இருந்தால் மட்டும் இசூசு. பில்லோடு, நம்பரோடு.