சத்தம் இருக்கிறது, சொல் எங்கே?



உங்கள் வீட்டில் செய்தி நேரத்தில் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டச் சொல்வது யார்? குறைக்கச் சொல்வது யார்? கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் கூட்டச் சொல்வது வீட்டின் மூத்தவர்கள். குறைக்கச் சொல்வது புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் அல்லல்படுவது நாம்!

எங்கள் வீடு ஸ்பிரிங்வெளியில், நமுனுகுல மலைச்சரிவில் இருக்கிறது. கடையோடு ஒட்டிய வீடு. மேலே சரிவான தகரக் கூரை. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். டிசம்பர், ஜனவரியில் மழை பிடித்தால் தகரத்தில் விழும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. தோட்டப் பக்கத்தில் வாழ்கிற சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் மாமிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இலங்கை வானொலி கேட்டே வளர்ந்தவர். முஸ்லிம் சேவை தொடங்கும் நேரத்துக்கு அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாராம். அப்படிப்பட்டவர் கொஞ்சம் கொஞ்சமாக ஹோலுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். கேட்டால், "சத்தம் கேக்குது மகள், பேச்சுத்தான் வெளங்குதில்ல" என்பார். நாங்கள் இன்னும் கூட்டுவோம். மகள் அறைக் கதவைச் சாத்துவாள். மாமி அதைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

மாமி சொன்ன வார்த்தையில்தான் முழு விஷயமும் இருக்கிறது. வயது ஏறும்போது காது முதலில் இழப்பது மெல்லிய, கீச்சென்ற ஒலிகளை. ஆ, ஊ போன்ற உயிர் ஒலிகள் கனமானவை. அவை நன்றாகக் கேட்கும். க, ச, த, ப போன்றவற்றின் கூர்மைதான் மழுங்கிப்போகும். பாடு, காடு, சாடு மூன்றும் ஒன்றுபோலவே காதில் விழும். சத்தத்தைக் கூட்டினால் கனத்த ஒலி மேலும் கனக்கும், எழுத்து தெளியாது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பழைய பெட்டி டி.வி.யில் ஸ்பீக்கரை முன்பக்கம் வைக்க இடமிருந்தது. இன்றைய டி.வி. சிலேட்டுப் பலகைபோல மெல்லியது. அதில் சிறிய ஸ்பீக்கர்கள்தான் இருக்க முடியும். அவையும் பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருக்கின்றன. பேச்சு முதலில் சுவரில் மோதி, பிறகுதான் நம்மிடம் வருகிறது. படம் பளிச்சென்று இருக்க, சொல் மங்கிப்போனது இதனால்தான்.

அதனால் சகோதரிகளே, கடைக்குப் போவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிலருக்குக் காதில் அழுக்கு அடைத்திருக்கும். அதை எடுத்தாலே போதும். நாங்கள் மாமியைப் பதுளைக்குக் கூட்டிச் சென்று காது டாக்டரிடம் காட்டினோம். வயதின் தேய்வு என்றார். காது மெஷின் வைக்கச் சொன்னார். மாமியும் வைத்துக்கொண்டார். ஆனால் டி.வி.யிலிருந்து மங்கலாக வருவதை மெஷினும் மங்கலாகத்தானே கொண்டுபோய்க் கொடுக்கும்? அப்போதுதான் சவுண்ட்பார் வாங்கும் பேச்சு வந்தது.

மகனுக்கு ஒரே குஷி. "உம்மா, ஆயிரம் வாட்ஸ் ஒன்று எடுப்போம். நாலு பக்கமும் சத்தம் வரும்" என்றான். நாலு பக்கமும் எப்படி வரும் என்று அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன், மீதியைப் படித்தேன்.

அல்லாஹ் நமக்கு இரண்டு காதுகளைத் தந்திருக்கிறான். வலப்பக்கம் எழும் ஒலி வலது காதுக்கு ஒரு கணம் முந்திப் போய்விடுகிறது. அந்த முந்தல் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதைக் கொண்டே மூளை திசையைக் கண்டுபிடித்துவிடுகிறது. சுப்ஹானல்லாஹ்! இந்த உண்மையை வைத்து 1931இல் அலன் புளும்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் இரட்டை ஒலி முறைக்குக் காப்புரிமை கோரினார். 1940இல் வோல்ட் டிஸ்னியின் ஒரு படத்துக்காகத் தியேட்டரைச் சுற்றி ஸ்பீக்கர்களை வைத்துப் பார்த்தார்கள். இன்று அவ்வளவையும் ஒரே ஒரு நீளப் பெட்டியில் அடக்க முயல்கிறார்கள். அது ஒலியைப் பக்கச் சுவர்களிலும் மேல் சீலிங்கிலும் எறிந்து, பந்துபோலத் திருப்பி நம்மிடம் வரவழைக்கிறது.

இங்கேதான் நம் வீட்டை நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். பந்து திரும்பி வர ஒரு சுவர் வேண்டாமா? எங்கள் ஹோலில் இடப்பக்கம் சுவர். வலப்பக்கம் வாசலும் திரைச்சீலையும். திரைச்சீலை ஒலியை விழுங்கிவிடும். மேலே சரிவான தகரம். மேல்நோக்கி ஒலிக்கும் 'அட்மோஸ்' வகைப் பெட்டிக்கு, ஏறக்குறைய 8 முதல் 12 அடி உயரத்தில் சமமான, கெட்டியான சீலிங் வேண்டும். எங்கள் கூரைக்கு அது காசைக் கரியாக்கும் வேலை. உங்கள் வீட்டில் இரண்டு பக்கமும் சுவரும் சமமான சீலிங்கும் இருந்தால் தாராளமாக யோசிக்கலாம்.

பெட்டியில் உள்ள எண்களைக் கண்டு பயப்படாதீர்கள். 2.1 என்றால் இடம், வலம் இரண்டும், அதிரும் கனத்த ஒலிக்கு 'சப்வூபர்' என்ற தனிப் பெட்டி ஒன்றும். 3.1 என்றால் நடுவில் இன்னொரு ஸ்பீக்கர் கூடும். அந்த நடு ஸ்பீக்கரின் முக்கிய வேலையே மனிதர் பேச்சு! 5.1 என்றால் பக்கங்களுக்கும் இரண்டு. 5.1.2 என்றால் கடைசி 2 மேல்நோக்கி ஒலிப்பவை. வாட்ஸ் கணக்கில் மயங்கிவிடவும் கூடாது. காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். ஆகவே 100க்கும் 200க்கும் உள்ள வித்தியாசம் நாம் நினைக்கிற அளவு பெரியதல்ல.

இன்னொரு கேள்வியும் கேட்டுக்கொண்டேன். நாம் பார்ப்பது என்ன? செய்தி, மார்க்கச் சொற்பொழிவு, கிராஅத், பிள்ளைகளின் பாடம். இவை அநேகமாக இரட்டை ஒலியில்தான் வருகின்றன. ஐந்து பக்க ஒலி அவற்றில் இல்லவே இல்லை. கிராஅத்துக்கு அதிர்வும் செயற்கை எதிரொலியும் கூடினால் ஸீனும் ஸாதும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். எல்லாவற்றையும் சீர்தூக்கி, நடு ஸ்பீக்கர் உள்ள 3.1 ஒன்றையே தீர்மானித்தோம். மகனுக்கு முகம் கொஞ்சம் வாடியது. "உன் வீட்டுக்கு நீ ஆயிரம் வாட்ஸ் வாங்கு. இது உன் உம்மும்மாவுக்கு" என்றார் அவனுடைய வாப்பா.

பதுளைக் கடையில் முதலில் பாட்டுப் போட்டுக் காட்டினார்கள். கடை அதிர்ந்தது. பாட்டில் எல்லாப் பெட்டியும் நன்றாகத்தான் இருக்கும்! நான் போனில் கொண்டுபோன செய்தியைப் போடச் சொன்னேன். சத்தத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி, மாமியைக் கண்ணை மூடிக் கேட்கச் சொன்னேன். மூன்றாவது பெட்டியில், வாசித்ததை மாமி அப்படியே திருப்பிச் சொன்னார். அதையே எடுத்தோம். பில்லையும் உத்தரவாத அட்டையையும் ஒன்றாகப் பின் அடித்து வைத்தோம்.

வீட்டில் பூட்டுவது பெரிய வித்தையல்ல. டி.வி.யின் பின்னால் எச்.டி.எம்.ஐ. துளைகள் இருக்கும். அதில் 'ஏ.ஆர்.சி.' என்று எழுதியுள்ள துளையிலிருந்து சவுண்ட்பாரில் அதே எழுத்துள்ள துளைக்கு ஒரு வயர். அது இல்லாத டி.வி. என்றால் 'ஒப்டிகல்' வயர் போதும். புளூடூத்தும் உண்டு, ஆனால் சில வேளை வாய் அசைந்த பிறகே பேச்சு வரும். பிறகு டி.வி.யின் செட்டிங்ஸில் அதன் சொந்த ஸ்பீக்கரை நிறுத்திவிடுங்கள். சத்தமே வராவிட்டால் ஒலி அமைப்பை 'பி.சி.எம்.' என்று மாற்றிப் பாருங்கள்.

பெட்டியை ஷோகேஸுக்குள் திணிக்காதீர்கள். மேலே பூவேலைத் துணி போட்டு மூடாதீர்கள். என்ன, சிரிக்கிறீர்களா? நம்மில் பலருக்கு அந்தப் பழக்கம் உண்டே! உட்காருபவரின் காது மட்டத்தில் அது இருக்க வேண்டும். நாங்கள் பாயில் உட்காருபவர்கள். ஆகவே தாழ்ந்த மேசையில் வைத்தோம். 'வொய்ஸ்' அல்லது 'டயலொக்' என்ற பொத்தான் பேச்சை முன்னுக்குக் கொண்டுவரும். 'நைட்' என்ற பொத்தான் திடீர் வெடிச் சத்தங்களை அடக்கி, மெல்லிய பேச்சைத் தூக்கிக் கொடுக்கும். மாலையில் இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். அன்டனா வயரையும் சேர்த்து.

சப்வூபர் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். பேச்சைச் சுவர் ஓரளவு தடுக்கும். கனத்த ஒலியைத் தடுக்காது. அண்டை வீட்டாரின் உரிமையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு எவ்வளவு வலியுறுத்தியிருக்கிறார்கள்! பக்கத்து வீட்டு அக்கா காலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர். அவருடைய மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். சப்வூபரைப் பொதுச் சுவரிலிருந்து விலக்கி, தடித்த பாயின் மேல் வைத்து, அதன் சத்தத்தைக் குறைத்தேன். பிறகு அக்காவின் வீட்டுக்கே போய் உட்கார்ந்து, மகனை ஒலிக்கவிடச் சொல்லிக் கேட்டேன். "முன்ன விட இப்ப தேவல தங்கச்சி" என்றார் அக்கா. சத்தத்தை முன்பிருந்ததில் பாதிக்குக் குறைத்துவிட்டோமே!

இதில் பிள்ளைகளின் காதுக்கும் நன்மை உண்டு. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல், பிள்ளைகளுக்கு 75 டெசிபல் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. இன்றைக்குக் காப்பாற்றும் காதுதான் நாளைக்கு உதவும்.

சவுண்ட்பார் மாமியின் காதைத் திருப்பித் தரவில்லை. தகரத்தில் மழை கொட்டும்போது இன்றும் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் மழை இல்லாத இரவுகளில் மாமி ஹோலில் இருக்கிறார். செய்தியில் சொன்னதை அவருக்கு எடுத்துச் சொல்லும் வேலை எனக்கு இல்லை. இப்போது சமையலறையில் நிற்கும் எனக்கு அவர்தான் எடுத்துச் சொல்கிறார். அல்ஹம்துலில்லாஹ்!

நீங்களும் வாங்க நினைத்தால், யாருக்காக வாங்குகிறீர்களோ அவரையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பெட்டியில் அச்சடித்த எண்ணை அப்புறம் பார்க்கலாம்; அவருக்குச் சொல் விளங்குகிறதா என்று முதலில் கேளுங்கள்.