புது மண்டபத்து வெள்ளைச் சட்டை

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபம் இருக்கிறது. அதன் கல்தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் மிஷின்கள் ஓடிய காலம் ஒன்று உண்டு. அங்கேதான் அத்தாவுக்கு ஒரு மிஷின். நான் காஜா எடுக்கும் பையன். துணிக்கும் மனுசனுக்கும் உள்ள உறவைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, அந்தத் தூணடியில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான்.

சித்திரை வந்தால் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. அழகர் ஆற்றில் இறங்கும்போது நேர்த்திக்கடனுக்கு வேஷம் கட்டுகிறவர்கள் உருமாலும் சல்லடமும் தைக்க அங்கேதான் வருவார்கள். தைத்துக் கொடுத்தவர்களில் நிறையப் பேர் எங்களைப் போன்ற முஸ்லிம்கள். அத்தா அந்தத் துணியைத் தொடுமுன் கை கழுவிக்கொள்வார். "சாமிக்குன்னு உடுத்துறாங்கடா. அதுல அவங்க நம்பிக்கை இருக்கு" என்பார். வேஷம் கட்டி நின்றால் நிலக்காரர் யார், கூலிக்காரர் யார் என்று சொல்ல முடியாது. திருவிழா முடிந்ததும் அவரவர் பழைய துணிக்குத் திரும்பிவிடுவார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பெரியவர் வந்தார். வயல் வேலை செய்பவர். துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். வெள்ளைப் பாப்ளினில் காலர் வைத்து முழுக்கைச் சட்டை கேட்டார். தைத்து முடித்ததும் போட்டுப் பார்த்தார், கழற்றினார், மடித்து அத்தாவிடமே நீட்டினார்.

"பாய், இது இங்கேயே இருக்கட்டுமா? டவுனுக்கு வரும்போது போட்டுக்கிறேன்."

அத்தா காரணம் கேட்கவில்லை. சுவரில் ஆணி அடித்து மாட்டினார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கோ சந்தைக்கோ வரும்போதெல்லாம் பெரியவர் முதலில் எங்களிடம் வருவார். "வாங்கண்ணே" என்று அத்தா எழுந்து சட்டையை எடுத்துத் தருவார். இடுப்புத் துண்டு தோளுக்கு ஏறும். சாயங்காலம் சட்டை ஆணிக்குப் போகும், துண்டு இடுப்புக்கு இறங்கும். அழுக்கானால் அத்தாவே துவைத்து இஸ்திரி போட்டு வைப்பார். கூலி வாங்கியதில்லை. "ஏன் ஊருக்குப் போட்டுப் போக மாட்டேங்குறார்?" என்று நான் கேட்டபோது, "அவர் சட்டை போட்டா அந்த ஊர்ல சில பேருக்குக் கண்ணு உறுத்துதுடா" என்று மட்டும் சொன்னார்.

அந்த உறுத்தலின் வயதைப் பின்னாளில் புத்தகங்களில் படித்தேன். 1930-ல் இராமநாதபுரம் சீமையில் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் ஆண்கள் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன், குடை, செருப்பு கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். அதற்கும் முன்னால், தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மாரை மூடிக்கொள்ளும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டார்கள். 1859-ல்தான் அரசர் அதற்கு இசைந்தார்.

எங்கள் மண்டபத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் மேல மாசி வீதி. கதர் வாங்க ஏழைகளுக்குக் காசில்லை என்ற நினைப்பு மனதை அறுக்க, காந்தி அங்கே தங்கியிருந்தபோது, 1921 செப்டம்பர் 22 அன்று, மேலாடையைக் களைந்து முழத்துண்டுக்கு மாறினார். அம்பேத்கரோ பெரும்பாலும் கோட்டும் டையுமாகவே நின்றார். சிறுவயதில் இது எனக்குப் புரியாத முரண். இப்போது புரிகிறது. உடுத்த உரிமை இருந்தவர் களைந்து காட்டினார். உடுத்தவே கூடாது என்று தடுக்கப்பட்ட மக்களிடமிருந்து வந்தவர் உடுத்திக் காட்டினார். இரண்டு பேரும் தாங்கள் நம்பியதைத்தான் உடம்பில் சுமந்தார்கள்.

சில வருஷம் கழித்துப் பெரியவர் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார், பள்ளிச் சீருடை தைக்க. "இதை யாரும் கழற்றச் சொல்ல முடியாது பாய், பள்ளிக்கூடத்து உத்தரவு" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே துணி என்பதன் அருமையை, அந்தக் குழந்தைக்குக் காலர் வைத்தபோதுதான் உணர்ந்தேன். பிறகு ஒருநாள் பெரியவரும் சட்டையைக் கழற்றாமலே ஊருக்குப் பஸ் ஏறினார். என்ன நடந்ததென்று அடுத்த வாரம் கேட்டோம். "முறைச்சாங்க. நான் நடந்து வீட்டுக்குப் போயிட்டேன்" என்றார்.

இந்த வயதில் என் வீட்டிலேயே ஜீன்ஸ் போடும் பேத்தியும் இருக்கிறாள், தலையை மூடிக்கொள்ளும் மருமகளும் இருக்கிறாள். இருவரிடமும் ஏன் என்று கேட்பதில்லை. ஒருத்தர் உடுத்துவதில் அவருடைய நம்பிக்கை இருக்கும், இனம் இருக்கும், பட்ட அவமானமும் அதைத் தாண்டிய வைராக்கியமும் இருக்கும். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு அதில் பாதிகூடத் தெரியாது. உடுத்துவதும் களைவதும் உடுத்துகிறவர் விருப்பமாக இருக்க வேண்டும். யாருக்காவது அதில் தடை இருந்தால், அறிவுரை சொல்வதைவிட ஓர் ஆணி அடித்துக் கொடுப்பது நல்லது.