சருகும் சொட்டும்

உம்மம்மா நயினாதீவில் பிறந்தவர். யாழ்ப்பாணம் சோனகத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பின்னும், குறிகட்டுவான் வழியாக வருவோரிடம் நொச்சி இலை சொல்லி எடுப்பிப்பார். நிழலில் உலர்த்திப் பனையோலைப் பெட்டியில் போட்டு வைப்பார். "வெயில் பட்டா வாசம் போயிரும் மகன், வாசந்தான் மருந்து" என்பார்.

1990 ஒக்டோபர் 30. இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டுப் போகும்படி புலிகள் கட்டளையிட்டார்கள். நகையும் பணமும் பறிபோயின. சருகுப் பொட்டலத்தை எவரும் தொடவில்லை. புத்தளத்து ஓலைக் கொட்டிலில் எங்கள் தடிமனுக்கெல்லாம் அதைப் போட்டுத்தான் ஆவி பிடித்தோம்.

சென்ற மாரியில் பேரனுக்குச் சளி. கடையில் வாங்கிய யூக்கலிப்டஸ் எண்ணெயைக் கரண்டியில் ஊற்றிவிட்டேன். "வாப்பா, இது குடிக்கிறதில்ல!" என்று மகள் கையைத் தட்டிவிட்டாள். சிறிதளவு உள்ளே போனாலும் குழந்தைக்கு வலிப்பும் மயக்கமும் வரலாம் என்று பிறகு வைத்தியர் சொன்னார்.

உம்மம்மா சொன்ன அந்த வாசந்தான் எண்ணெயிலும் இருப்பது. கூடை இலையின் காரம் சில சொட்டுகளில் அடங்கிவிடுகிறது. சருகு தன்னிடமுள்ளதைத் தண்ணீருக்குக் கொஞ்சங் கொஞ்சமாகவே கொடுக்கும். அதற்காகச் சருகெல்லாம் சாது, எண்ணெயெல்லாம் நஞ்சு என்றும் சொல்லிவிட முடியாது. ஆமணக்கில் நஞ்சு பிண்ணாக்கோடு தங்கிவிடுகிறது. எண்ணெய்தான் பேதி மருந்தாகிறது. பண்டத்தையும் அளவையும் அறிந்திருக்க வேண்டும்.

உம்மம்மா அறிந்திருந்தார். புத்தளத்திலேயே அவர் மௌத்தானார். இன்று நயினாதீவுக்குப் போய்வரத் தடையில்லை, நொச்சியும் கிடைக்கும். எத்தனை பிடிக்கு எவ்வளவு தண்ணீர் என்பதைத்தான் நான் கேட்டு வைக்கவில்லை.