சட்டம் கேட்ட பாட்டு, செவி கேட்ட பாட்டு

பிரான்ஸ் நாட்டின் ஒலிபரப்புச் சட்டத்தில் ஒரு விதி என்னை விடாமல் ஈர்க்கிறது. 1994-இல் இயற்றப்பட்டு 1996 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்த விதிப்படி, தனியார் வானொலிகள் போடும் பாட்டுகளில் 40 விழுக்காடு பிரெஞ்சிலோ அந்நாட்டின் வட்டார மொழிகளிலோ இருக்க வேண்டும். ஊர் உறங்கியபின் பிரெஞ்சுப் பாட்டுகளைக் கொட்டிக் கணக்கை நேர்செய்துவிடக் கூடாது என்பதால், மக்கள் மிகுதியாகக் கேட்கும் நேரத்துக்கே இக்கணக்கு என்றும் எழுதிவைத்தார்கள். நிலையங்கள் வேறு குறுக்குவழியைக் கண்டுபிடித்தன: விரல்விட்டு எண்ணக்கூடிய சில பிரெஞ்சுப் பாட்டுகளையே சுழற்றிச் சுழற்றிப் போட்டன. 2016-இல் அதையும் அடைத்தார்கள். பிரெஞ்சுப் பாட்டுக்கான ஒலிபரப்பில் பாதிக்கு மேல் பத்தே பாட்டுகள் பிடித்துக்கொண்டால், மிஞ்சியது கணக்கில் சேராது. ஒரு மொழிக்குக் காற்றலையில் இடம் வாங்கித்தர இத்தனை பூட்டுகள் வேண்டியிருந்தன.

ஸ்ட்ரீமிங் செயலிகளுக்கு அந்த 40 விழுக்காட்டு விதி கிடையாது. ஆங்கிலம் அடித்துக்கொண்டு போய்விடும் என்ற அச்சம் இயல்பானதே. நடந்தது வேறு. ஸ்பாட்டிஃபையின் முன்னாள் தலைமைப் பொருளியலாளர் வில் பேஜும் கிறிஸ் டல்லா ரிவாவும் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, ஸ்ட்ரீமிங் பரவிய காலத்தில் ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் முன்னணிப் பட்டியல்களில் உள்நாட்டுக் கலைஞர்களின் பங்கு உயர்ந்ததைக் காட்டுகிறது. காரணம் எளிது. வானொலியின் ஒரு மணி நேரத்தில் சில பாட்டுகளுக்கே இடம். ஒன்று நுழைந்தால் மற்றொன்று வெளியேற வேண்டும். செயலியில் ஒருவர் கேட்பது இன்னொருவரின் இடத்தைப் பறிப்பதில்லை. இசைத்தட்டு ஒருமுறை விற்றால் ஒன்று. இங்கோ திரும்பக் கேட்கும் ஒவ்வொரு முறையும் எண்ணப்படுகிறது. உடன்வாழும் பாட்டுக்கு எடை கூடுகிறது. யாரை மகிழ்விக்க வேண்டுமோ அவர்களைப் பார்த்தே பாட்டின் மொழி அமைகிறது. ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் 1965-இல் ஸ்வீடன் ஆங்கிலத்தில் பாடியதும், மறு ஆண்டே தத்தம் நாட்டு மொழியில்தான் பாட வேண்டும் என்று விதி வந்தது. 1973-இல் அதைத் தளர்த்தினார்கள். 1974-இல் ஸ்வீடனின் ஆபா குழு ஆங்கிலப் பாட்டால் வென்றது. அயலாரின் வாக்கு வேண்டியவர்கள் அயல்மொழியை நாடினார்கள். செயலியில் பாடகரை முதலில் தேடி வருபவர்கள் சொந்த ஊர்க்காரர்கள்.

இந்த விளைச்சலுக்கு விதை வானொலி ஒதுக்கீடுதானே என்று கேட்கலாம். பிரெஞ்சு ராப் அந்த நிழலில் வளர்ந்தது மெய். ஆனால் அத்தகைய ஒதுக்கீட்டுச் சட்டம் இல்லாத இத்தாலியிலும் இத்தாலியப் பாட்டுகளே பட்டியலை ஆள்கின்றன. இன்னொரு மறுப்பு கனமானது: செயலிக்கு மொழிமேல் பற்றில்லை, எண்ணிக்கைமேல்தான் பற்று. இதை நான் முழுமனதாக ஏற்கிறேன். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு உரிமத்தொகை சேராது. பிரெஞ்சுச் சட்டத்தின் கண்ணில் வட்டார மொழியான பிரெத்தோனில் வரும் பாட்டும் பிரெஞ்சுப் பாட்டும் ஒரே தரம். செயலியின் கணக்கில் கேட்க ஆள் இருக்கும் மொழி ஒரு தரம், இல்லாத மொழி வேறு தரம்.

அந்த ஆயிரத்தை நீலகிரியில் வைத்துப் பார்க்கலாம். அங்கே தனிமொழி பேசும் தோடர்கள் ஏறத்தாழ 2,000 பேர். மொழியியலாளர் மரே எமனோ 1930-களில் அவர்களிடம் திரட்டிய பாடல்கள் 1971-இல் பெருநூலாக வந்தன. எருமையைப் பற்றியும் இறந்தவரைப் பற்றியும் அந்தந்த நிகழ்வுக்கென்றே கட்டப்படுபவை அவை. அங்கே இருப்பவர்கள் கேட்டாலே அவற்றின் பயன் நிறைவேறிவிடும். ஆயிரம் முறை ஒலிக்கவில்லை என்பது அவற்றுக்குக் குறையாகாது. கோடிக்கணக்கானோர் பேசும் மொழியைச் செவியின் விருப்பமே காத்துக்கொள்ளும் என்பதற்குச் சான்று கிடைத்துவிட்டது. சட்டத்தின் பூட்டும் பொதுப்பணமும் இனிப் போய்ச் சேர வேண்டிய இடம், தலைகளை எண்ணினால் தோற்றுப்போகும் மொழிகளின் வாசல்.